வேலிக்குள் நெல், வேலிக்கு வெளியே பனை

திருநெல்வேலி என்ற பெயருக்குச் சொல்லப்படும் கதை பலரும் அறிந்ததுதான். வேதசர்மர் என்ற ஏழை அடியவர் இறைவனுக்குத் திருவமுது படைப்பதற்காக வீடு வீடாகச் சென்று நெல் பெற்று வந்தார். அதை உலரப் போட்டுவிட்டு நீராடச் சென்றபோது பெருமழை பிடித்துக்கொண்டது. பதறி ஓடிவந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளம். நெல் கிடந்த இடத்தில் மட்டும் வெயில். இறைவனே நெல்லுக்கு வேலியாக நின்றார், ஆகவே ஊர் நெல்வேலி ஆயிற்று என்பது தலபுராணம். நெல்வயல்களே ஊருக்கு வேலியாக அமைந்ததால் வந்த பெயர் என்று பொருள் கொள்வோரும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இத்தலத்தைப் பாடும்போதே இந்தப் பெயர் நிலைபெற்றுவிட்டது.

நெல்லுக்கு வேலியா, நெல்லே வேலியா என்ற வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால் வேலி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தாமிரபரணிக் கரையில் நடந்தால் இப்பகுதியின் வரலாறு ஓர் ஒழுங்குக்குள் வருகிறது. வேலி காக்கவும் செய்யும், விலக்கவும் செய்யும். அல்வாவுக்காகவும் அருவிக்காகவும் கோயில்களுக்காகவும் நெல்லைக்கு வருகிறவர்கள் பலர். அவர்கள் உண்ணும் ஒவ்வொரு பண்டத்துக்கும், பார்க்கும் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் தண்ணீர் யாருக்குக் கிடைத்தது, யாருடன் யார் உண்டார்கள் என்ற இரண்டு கேள்விகள் நிற்கின்றன.

*

தாமிரபரணியின் சிறப்பு அதன் நீளம் அல்ல. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடையும்வரை அது ஓடும் தொலைவு ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். காவிரியைப்போல அயல் மாநிலத்தை நம்பியிருக்க வேண்டிய நிலையும் இதற்கில்லை. பிறப்பும் முடிவும் பழைய திருநெல்வேலிச் சீமைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தபோதும் ஆறும் அதன் கிளைகளும் இவற்றை ஒன்றாகவே கட்டி வைத்திருக்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளாலும் நீர் பெறுவதால் கரையோர வயல்கள் கார், பிசானம் என இரு போகம் காண்கின்றன. பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைக் காலை நாளிதழில் பார்த்துவிட்டு அன்றைய பேச்சைத் தொடங்கும் வழக்கம் இந்த ஊர்க்காரர்களிடம் இன்றும் இருக்கிறது. அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பயணத்தைப் பாபநாசத்தில் தொடங்குவது நல்லது. மலையடிவாரத்தில் பாபநாசநாதர் கோயில், படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடும் யாத்திரிகர்கள், சற்று மேலே அகத்தியர் அருவி. 1880களில் ஹார்வி சகோதரர்கள் ஆற்று நீரின் விசையை நம்பி அமைத்த நூற்பாலை அருகிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறது. 1940களில் எழுந்த நீர்மின் நிலையமும் அணையும் மலைக்கு மேலே உள்ளன. அதற்கும் அப்பால் களக்காடு முண்டந்துறைக் காடு. தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக 1988இல் அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டில்தான் சிங்கவால் குரங்குகள் பெரிய எண்ணிக்கையில் எஞ்சியிருக்கின்றன. ஆறு கோடையிலும் முற்றாக வற்றாமல் இருப்பதற்கு அணையைவிட இந்தச் சோலைக்காடுகளே முதற்காரணம். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடும் வேலையை இவை செய்கின்றன.

காட்டின் நடுவே, மணிமுத்தாறு அணைக்கு மேலே, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட மலைநிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு அளித்தது. சமவெளியின் நிலமற்ற மக்கள் மலையேறிக் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டார்கள். நான்கைந்து தலைமுறைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தன. 2024இல் தோட்டத்தை மூட முடிவு செய்த நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. காடு மீளவேண்டும் என்ற நியாயமும், காட்டுக்குள் நூறாண்டு உழைத்தவர்களுக்கு ஊர் எது என்ற நியாயமும் அங்கே எதிரெதிராக நிற்கின்றன. அந்த மலையிலிருந்து இறங்கிய மக்களை இதே ஆற்றின் கரையில், நகரத்தின் நடுவே, மீண்டும் சந்திக்கப்போகிறோம்.

*

மலையை விட்டிறங்கியதும் அணைக்கட்டுகள் தொடங்குகின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு. கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை. இவை நீரைத் தேக்கி வைக்கும் பேரணைகள் அல்ல. ஆற்றின் குறுக்கே தாழ்வான கல்வரிசையை அமைத்து நீர்மட்டத்தைச் சற்று உயர்த்தி, பக்கவாட்டுக் கால்வாயில் திருப்பிவிடுபவை. கால்வாய் வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியதைக் குளத்தில் சேர்க்கும். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம் நிறையும். வயலில் வடிந்த நீர் மீண்டும் ஆற்றையே சேர, அடுத்த அணைக்கட்டு அதை எடுத்துக்கொள்ளும்.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு நாட்டுக்கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த பிரம்மசாரி ஒருவன், தனக்குத் தானமாகக் கிடைத்த பொன்னைப் பொதுநலனுக்குச் செலவிட விரும்பி அகத்தியரிடம் வழி கேட்டானாம். ஒரு பசுவைப் பின்தொடர்ந்து போகச் சொன்னார் முனிவர். பசு நடந்த தடத்தில் கால்வாய், படுத்த இடத்தில் குளம், சிறுநீர் கழித்த இடத்தில் மடை. கதையை நம்ப வேண்டியதில்லை. ஆனால் மேட்டில் வருந்தி ஏறாமலும் பள்ளத்தில் சரியாமலும் சமமட்டத்தை நாடிச் செல்லும் மேய்ச்சல் மாட்டின் தடத்தை வாய்க்கால் வெட்டுவோர் கவனித்திருப்பார்கள் என்பதை எளிதில் ஒப்புக்கொள்ளலாம்.

இந்தக் கால்வாய்களே உண்மையான வேலி. டேவிட் லட்டன் திருநெல்வேலியின் வேளாண் வரலாற்றை எழுதும்போது நன்செய் வட்டாரம், புன்செய் வட்டாரம், இரண்டும் கலந்த வட்டாரம் என்று பிரித்துக் காட்டினார். ஆற்றோரம் நெல், கோயில், அக்கிரகாரம், வேளாளர் தெரு. கால்வாய் எட்டாத வடக்கே கரிசலில் கம்பும் பருத்தியும். தெற்கே கடலோரத் தேரியில் பனை. ஒரு நாள் நடைத்தொலைவுக்குள் இந்த மூன்று உலகங்களும் இருந்தன. இருந்தும் அரிசிச்சோறு என்பது மூன்றாவது உலகத்தில் திருவிழா நாளின் உணவு. முதல் உலகத்திலும்கூட, சேற்றில் இறங்கி நெல்லை விளைவித்தவர்கள் நிலத்துக்கு உரிமையாளர்கள் அல்லர்.

கன்னடியன் கால்வாயோரமாக வந்தால் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பெயர்பெற்ற ஊர். உளுந்து மாவை இடித்துப் பக்குவம் செய்யும் முறையோடு ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்துதான் அந்த ருசி என்று ஊரார் சாதிப்பார்கள். அடுத்து வரும் பத்தமடையின் பாய்கள் உலகறிந்தவை. ஆற்றோரம் விளையும் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மயிரிழைபோலக் கிழித்து நெய்கிறார்கள். நெய்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். நெல்வேலியின் இந்துத் திருமணங்களில் மணமக்கள் பெயரை நெய்த பத்தமடைப் பாய் சீராகச் செல்கிறது. வேலிகளைப் பற்றிப் பேசும்போது, வேலிக்கு அடியில் வேர்கள் இப்படிப் பின்னிக்கிடப்பதையும் சொல்லவேண்டும்.

*

பத்தமடைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடையே சேரன்மாதேவி. ஆற்றோரம் பழமையான கோயில்கள் உள்ள ஊர். தமிழக அரசியல் வரலாற்றில் அதன் பெயர் நிலைத்தது ஒரு சாப்பாட்டுப் பந்தியால்.

வ.வே.சு. ஐயர் இங்கே 1922இல் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். லண்டனில் சாவர்க்கரின் தோழராக இருந்தவர், புதுச்சேரியில் பாரதியோடும் அரவிந்தரோடும் வாழ்ந்தவர், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர், கம்பனை ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகம் செய்தவர். தேசியக் கல்விக்கான முயற்சி என்பதால் தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர முன்வந்து முதற்கட்டமாக 5,000 ரூபாய் கொடுத்தது. குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவளிக்கப்படுகிறது என்ற செய்தி 1924இல் வெளியே வந்தது. பெற்றோர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கிவிட்டதாக ஐயர் விளக்கினார். பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் பந்திபேதம் கூடாது என்று பி. வரதராஜுலு நாயுடு தமது 'தமிழ்நாடு' இதழில் எழுதினார். ஈ.வெ. ராமசாமி மேடைதோறும் பேசினார். காந்தியடிகள் வரை வழக்கு போனது. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் குருகுல மாணவர்களோடு பாபநாசம் மலைக்குச் சென்றபோது கல்யாணி தீர்த்தத்தில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்து ஐயர் நீரோடு போனார். அவருக்கு அப்போது 44 வயது. அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாதபோது ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறினார். அதற்கு உடனடிக் காரணம் தீர்மானம்தான் என்றாலும், குருகுலப் பந்தி அதற்கு முன்பே மனத்தில் விழுந்த பிளவு.

இந்த நிகழ்ச்சியை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஐயரை வில்லனாக்கியோ தியாகியாக்கியோ முடித்துவிடுகிறார்கள். சேரன்மாதேவியில் நின்று பார்க்கும்போது மூன்றாவது கோணம் ஒன்று தெரிகிறது. உலகம் சுற்றிய, உயிருக்கு அஞ்சாத ஒரு மனிதரால் இரண்டு இலைகளை எடுத்து மற்ற இலைகளோடு போட முடியவில்லை. துப்பாக்கிக்குப் பழகிய கைக்கு இயலாத காரியமாக அது இருந்தது. நெல் விளையும் ஆற்றங்கரையில் ஆயிரமாண்டு இறுகிய வேலி அது. தனிமனிதரின் நல்லெண்ணத்தால் மட்டும் அது சாயவில்லை. இன்னொருவரின் பிடிவாதமான கேள்வி தேவைப்பட்டது.

*

நகரத்துக்கு வருவோம். நெல்லையப்பர், காந்திமதியம்மை கோயில்கள் இரண்டும் சங்கிலி மண்டபத்தால் இணைந்து கிடக்கின்றன. மணி மண்டபத்தின் இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்காமல் கேட்டறிவது நல்லது. தட்டித் தட்டியே தேய்ந்தவை அவை. ஆனித் திருவிழாவில் பெரிய தேர் ரத வீதிகளைச் சுற்றிவரும். அந்த ரத வீதிகளில்தான் அல்வாக் கடைகள்.

திருநெல்வேலி அல்வாவின் முதல் ஆச்சரியம், அதன் மூலப்பொருள் இந்த மண்ணில் விளைவதில்லை என்பது. நெல்லின் பெயரால் அமைந்த ஊர் கோதுமைப் பண்டத்தால் அறியப்படுகிறது. வடக்கிலிருந்து வந்து குடியேறிய ராஜபுத்திரக் குடும்பங்கள் கொண்டுவந்த கலை அது. கடை நடத்தியவர்களின் பெயர்களில் 'சிங்' இருப்பதும், மிட்டாய்க் கடைகளை ஊரார் 'லாலா கடை' என்று அழைப்பதும் அந்த வருகையின் தடங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து பாலெடுத்து, அதைப் புளிக்கவிட்டு, சர்க்கரைப்பாகில் ஊற்றி நெய் சேர்த்துக் கைவிடாமல் கிளறவேண்டும். நெய் பிரிந்து, பொன்னிறம் மீறிச் செந்நிறம் கூடும் பதத்தில் இறக்குகிறார்கள். மாலையில் மட்டும் திறக்கும் இருட்டுக்கடையின் முன்னால் நிற்கும் கூட்டம் கோயில் கூட்டத்துக்குக் குறைந்ததல்ல. வாழையிலைத் துண்டில் வைத்துச் சூடாகத் தரும் அல்வாவை அங்கேயே நின்று தின்பதுதான் முறை. ஏன் வேறெங்கும் இந்த ருசி வரவில்லை என்று கேட்டால், 'தாமிரபரணித் தண்ணி' என்பார்கள். வந்தவர்களின் பண்டத்துக்கு உள்ளூர் ஆறு தன் பெயரைக் கொடுத்துத் தத்தெடுத்துக்கொண்டது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அடுத்தது சொதி. சைவ வேளாளர் வீடுகளில் திருமணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து வைப்பார்கள். தேங்காயின் முதல்பால், இரண்டாம்பால், மூன்றாம்பாலைத் தனித்தனியே எடுத்து, பாசிப்பருப்போடு காய்களை வேகவைத்து, இறுதியில் முதல்பாலும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பார்கள். செரிமானத்துக்கு இஞ்சித் துவையல், கடித்துக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். யாழ்ப்பாணத்தில் இடியாப்பத்தோடு வருவதும் சொதிதான். பெயரும் தேங்காய்ப்பாலும் பொது, பக்குவம் வேறு. கொற்கைக் காலம் முதல் மன்னார் வளைகுடாவின் இருகரைகளுக்கும் இருந்த போக்குவரத்து ஒரு குழம்புச் சட்டியிலும் தெரிகிறது.

நகரையும் பாளையங்கோட்டையையும் இணைப்பது சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டி 1843இல் திறந்தது. அதற்கு முன் மழைக்காலத்தில் பரிசலையும் படகையும் நம்பியிருந்த இரு ஊர்களை ஒரு தனிமனிதரின் செல்வம் ஒன்றாக்கியது. கோயில் நகரமும், கிறித்தவ மிஷன் பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த கல்வி நகரமும் இன்று ஒரே மாநகராட்சி.

அந்தப் பாலத்துக்கு அருகே, கொக்கிரகுளத்தில், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தது. கூலி உயர்வும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் கோரிக்கைகள். கலெக்டர் அலுவலகத்தை நெருங்கியபோது காவல்துறை தடியடி நடத்தியது. தப்புவதற்கு ஒரே வழியாக இருந்த ஆற்றில் மக்கள் இறங்கினார்கள். இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். தாமிரபரணியைப் புனித நதி என்று பேசும்போது, புராணம் சொல்லும் தீர்த்தக் கட்டங்களோடு இந்தக் கட்டத்தையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். கரையில் நிற்பவர்கள் இதை அறியாமல் திரும்பிப்போவது முறையல்ல.

*

நகரத்துக்குக் கிழக்கே, சீவலப்பேரியில், சிற்றாறு தாமிரபரணியில் சேர்கிறது. குற்றாலத்து அருவிகளின் நீர் இது. ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலம் போகிறவர்கள் அப்படியே பிரானூருக்குச் சென்று பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தின்று வருவது வழக்கம். ஆனால் பிரானூரில் பார்டர் எதுவும் இல்லை. கேரள எல்லை இன்னும் மேற்கே, புளியரைக்கு அப்பால் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலம் அமையும்வரை செங்கோட்டை திருவிதாங்கூரின் பகுதி. அந்தப் பழைய எல்லை சாவடியோடு மறைந்து பரோட்டாவின் பெயரில் மட்டும் உயிர்வாழ்கிறது. வேலிகளுக்கு இப்படியொரு முடிவும் உண்டு!

சீவலப்பேரியின் பழம்பெயர் முக்கூடல். முக்கூடற்பள்ளு பிறந்த மண் இது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இந்நூலின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. நெல் வகைகள், மாட்டு வகைகள், மீன் வகைகள், ஏர்க்கருவிகள் என்று ஒரு வேளாண் களஞ்சியமே அதில் இருக்கிறது. பள்ளனின் இரு மனைவியர் சண்டையை ரசித்துப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டி வைக்கும் இடத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. அத்தனை நெல் வகைகளின் பெயரையும் அறிந்தவன் எவனோ அவனே தொழுவில் கிடக்கிறான். நூலாசிரியர் அதைக் கண்டனமாகச் சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்கிறார். அதனால்தான் அது சான்றாகிறது.

கிருஷ்ணாபுரத்தின் நாயக்கர் காலச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு ஆற்றோடு போனால் நவதிருப்பதிகள். ஆழ்வார்திருநகரியின் புளியமரத்தடியில் அமர்ந்திருந்த நம்மாழ்வார் வேளாளர் குலத்தவர் என்பது மரபு. பக்கத்துத் திருக்கோளூரைச் சேர்ந்த மதுரகவி அந்தணர், வயதில் மூத்தவர். அவர் இவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். பதினொரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அக்கதையைப் பாராயணம் செய்யும் அதே கரையில்தான் ஸ்ரீவைகுண்டத்துக் கோட்டைப் பிள்ளைமார் மண்மதிலுக்குள் வாழ்ந்தார்கள். பெண்கள் மதிலுக்கு வெளியே வருவதில்லை என்ற கட்டுப்பாடு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிவரை நீடித்தது. மதில் இப்போது இடிந்துபோய்விட்டது. திருநெல்வேலிச் சீமையில் கோட்டை என்பது 21 மரக்கால் கொண்ட நெல் அளவுக்கும் பெயர். ஒரே சொல் நெல்லையும் மதிலையும் குறிப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் நெல் இல்லாமல் அந்த மதில் எழுந்திருக்காது.

மதிலையும் கால்வாயையும் தாண்டித் தெற்கே போனால் செம்மணல் தேரி. இங்கே நெல் இல்லை, பனை. உடன்குடிக் கருப்பட்டி இந்த மணலின் விளைச்சல். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி மரமேறிப் பதநீர் இறக்குவார்கள். பெண்கள் அதைக் காய்ச்சிப் பாகாக்கிச் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஒரு நாளில் பல மரங்களைக் காலையும் மாலையும் ஏறி இறங்கும் உழைப்பு அது. இந்த மக்களிடையே 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும் 1881இல் திருநெல்வேலிச் சரித்திரத்தையும் வெளியிட்டார். பனையேறிகளைப் பற்றி 1849இல் அவர் எழுதிய சிறுநூல் அம்மக்களைத் தாழ்த்துவதாகக் கண்டனத்துக்குள்ளானது. அதே மக்கள் கல்வியையும் வணிகத்தையும் கைக்கொண்டு, இரண்டு மூன்று தலைமுறைக்குள் தமிழகத்தின் செல்வாக்குள்ள சமூகங்களில் ஒன்றாக எழுந்தார்கள். நீர்ப்பாசனம் கைவிட்டவர்களுக்குப் பனை கைகொடுத்தது. நெல்லின் ருசி அல்வாக் கடையில் கிடைக்கும் என்றால், வேலிக்கு வெளியே வாழ்ந்தவர்களின் ருசி ஒரு துண்டு சில்லுக்கருப்பட்டியில் கிடைக்கும். சுக்கின் காரத்தோடு.

*

ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே, ஆற்றின் தென்கரையில், ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மானியரான யாகோர் முதலில் அகழ்ந்தார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். 114 ஏக்கர் பரப்புள்ள இடுகாட்டில் முதுமக்கள் தாழிகள், பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்புக் கருவிகள் கிடைத்தன. 2004ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கிய அகழாய்வில் 150க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. தாழிகளைக் கிடந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியே பார்க்கும் காட்சியகம் 2023இல் திறக்கப்பட்டது.

தங்கத்தையும் வெண்கலத்தையும் பார்த்து வியப்பவர்கள் ஒன்றைத் தவறவிடக்கூடும். ரீ கண்ட கலங்களில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்தன. அண்மையிலுள்ள சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வுக்கூடம் கணித்ததைத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கரையில் ஒருவர் இறந்தபோது, உறவினர்கள் வழித்துணையாக நெல்லை வைத்து அனுப்பினார்கள். வேதசர்மர் தெய்வத்துக்கு நெல் தேடிய கதைக்கு மிக முந்தைய செய்தி இது. ஆதிச்சநல்லூரில் நெல்லும் சிறுதானியமும் ஒரே இடுகாட்டில், அருகருகே கிடந்தன என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிற்காலத்தில் இரண்டு உலகங்களாகப் பிரிந்த உணவுகள் அவை.

இன்னும் கிழக்கே கொற்கை. சங்கப் பாடல்களும் கிரேக்க மாலுமிக் குறிப்புகளும் போற்றும் முத்துத் துறைமுகம் இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். ஆறு கொண்டுவந்த வண்டல் நெல்லுக்கு வளமூட்டியது. அதே வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டது அதைத்தான். காயலும் தூர்ந்து, இன்று ஆறு புன்னைக்காயலில் முடிகிறது. மீனவர்களும் போர்த்துகீசியப் பாதிரிமார்களும் சேர்ந்து வாழ்ந்த இந்தக் கரையில்தான் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் தமிழ் பயின்று, 16ஆம் நூற்றாண்டிலேயே தமிழை அச்சில் ஏற்றப் பாடுபட்டார்.

*

இந்த ஆற்றுக்கு இன்றுள்ள துன்பங்கள் புதியவை. மணல் அள்ளி அள்ளிப் படுகை பாறையானபோது 2010இல் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த நல்லகண்ணு நீதிமன்றத்தை அணுகி, தாமே வாதாடித் தடையாணை பெற்றார். நகரக் கழிவு ஆற்றில் கலக்கிறது. தொழிற்சாலைகளுக்கு எவ்வளவு, கடைமடை வயலுக்கு எவ்வளவு என்ற வழக்கு ஓயவில்லை. கால்வாய் வேலியின் இடத்தைக் குழாய் வேலி எடுத்துக்கொள்கிறது.

ஆனால் வெள்ளம் எல்லா வேலியையும் ஒரே இரவில் மூழ்கடித்த ஒரு நாளும் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைகடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை, நாற்புறமும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடிக் கிராமத்தார், தங்கள் வீடுகளும் வெள்ளத்தில் இருந்த நிலையில், கையிருப்பில் இருந்த அரிசியைக் கொண்டு சமைத்து, மீட்புப் படையினர் வந்து சேரும்வரை அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள்.

யார் சமைத்தது, யார் அருகில் யார் அமர்ந்தது என்ற கேள்வி அங்கே எழுந்ததாக எந்தச் செய்தியிலும் இல்லை. சேரன்மாதேவியில் இரண்டு இலைகள் தனியே விழுந்ததற்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ நூறு ஆண்டு. ஆற்றோரமாகப் பார்த்தால் ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. நெல்லைக்குப் போகிறவர்கள் இருட்டுக்கடை வரிசையில் நிற்கட்டும், குற்றாலச் சாரலில் நனையட்டும், கிருஷ்ணாபுரத்துக் குறவன் சிற்பத்தைக் கண்டு வியக்கட்டும். கூடவே அந்த ஐம்பது கிலோமீட்டரையும் ஒருமுறை ஆற்றோரமாகவே கடந்து பார்க்கட்டும்.